காய்ச்சல் எந்த நாளில் வந்தது?

ஊசி போட்ட குழந்தைக்கு உடம்பு சுட்டால் எல்லோரும் தெர்மாமீட்டரைத் தேடுவார்கள். காலண்டரையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. எந்த ஊசி, எத்தனையாவது நாள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

முத்தடுப்பு ஊசியில் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமானது) கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுதாக இருக்கிறது. தசையில் உள்ள காவல் செல்கள் அதைக் கண்டதும் இன்டர்லூக்கின் போன்ற, உடலுக்குச் சேதி சொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. அதன் விளைவாக மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. உடனே மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைபோதலாமஸ், உடல் இருக்க வேண்டிய வெப்ப அளவையே ஏற்றி வைத்துவிடுகிறது. வெப்பத்தை வெளியே விடாமல் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், நெற்றி கொதிக்கும்போதும் கை கால் சில்லென்று இருக்கும். எல்லாம் சில மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். கிருமியின் சில புரதங்களை மட்டும் எடுத்துச் செய்த ஊசியில் இந்தக் காய்ச்சல் குறைவு. அதைத்தான் ‘வலியில்லாத ஊசி’ என்கிறார்கள். குத்தும்போது அதுவும் வலிக்கத்தான் செய்யும்!

தட்டம்மை ஊசியில் இருப்பதோ வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். அது உள்ளே பெருகுவதற்கு நாளாகும். ஆகவே காய்ச்சலும் லேசான தடிப்பும் 7 முதல் 12 நாள் கழித்து வரும். அதற்குள் வீட்டில் ஊசியையே மறந்திருப்பார்கள். காசநோய்க்கான பிசிஜி ஊசி இன்னும் நிதானம்: சில வாரம் கழித்துச் சிறு கட்டி, சீழ், புண், கடைசியில் தழும்பு. களிம்பு வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம்.

சரி, பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுத்துவிடலாமா? செக் குடியரசில் 459 குழந்தைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் காய்ச்சல் குறைந்தது. கூடவே சில தடுப்பூசிகளுக்கான எதிர்ப்பொருள் அளவும் குறைந்தது. காய்ச்சலால் குழந்தை சிரமப்பட்டால் அப்போது கொடுத்தால் போதும். மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிஞ்சோகாக்கல் பி ஊசி மட்டும் விதிவிலக்கு, அதற்கு முன்கூட்டியே கொடுக்கச் சொல்வதுண்டு. பாராசிட்டமாலின் அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சொட்டு மருந்தின் 1 மில்லியில், சிரப்பின் 1 மில்லியில் இருப்பதைப்போல நான்கு மடங்கு மருந்து இருக்கலாம். பாட்டில் மாறினால் கணக்கும் மாறும். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

கடும் ஒவ்வாமை சுமார் 10 லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் அரிது. ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும் என்பதால்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். மூச்சுத்திணறல், வலிப்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை என்றால் காத்திருக்கக் கூடாது.

முத்தடுப்பு மட்டும் போட்ட குழந்தைக்கு நாலாம் நாள் புதிதாகக் காய்ச்சல் வந்தால், ‘ஊசிக் காய்ச்சல்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். காதிலோ சிறுநீரிலோ தொற்று இருக்கலாம், டாக்டர் பார்க்கட்டும்.