கிளை அலுவலகத்துக்கு எந்தச் சாவியைக் கொடுப்பது?

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையாற்றில் வெள்ளம். ஆற்றுக்கு வடக்கே புதுச்சேரியில் எங்கள் தலைமை அலுவலகம். தெற்கே கடலூர் முதுநகரில் கிளை. யாரும் நேரில் போக முடியாததால், கிளையில் இருந்த உதவியாளருக்குத் தொலைபேசியிலேயே டொமைன் அட்மின் கடவுச்சொல்லை, அதாவது நிறுவனத்தின் எல்லாக் கணினிகளையும் கணக்குகளையும் ஆளும் கடவுச்சொல்லை, சொன்னேன். அவர் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி ரவுட்டரின் பக்கவாட்டில் ஒட்டினார். தண்ணீர் வடிந்தது. சீட்டு அங்கேயே இருந்தது.

மூன்று மாதம் கழித்து, கிளையில் புது ரவுட்டர் வைத்தார்கள். அதன் முகவரியைப் பதிய அந்தத் தம்பி, கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி வழங்கும் எங்கள் டிஎச்சிபி சர்வரைத் திறந்து கேட்வே எண்ணை (கணினிகள் வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் முகவரியை) திருத்தினார். கடலூருக்கு உரியதும் புதுச்சேரிக்கு உரியதும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருந்தன. கை பட்டது புதுச்சேரியில். அன்று மாலை ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விண்டோஸ் சர்வர் ஒரு முகவரியை வழக்கமாக 8 நாட்களுக்கு வழங்கும். அதில் பாதி கழிந்த பிறகோ, கணினியை அணைத்துப் போடும்போதோதான் கணினி மறுபடி கேட்கும். மறுநாள் காலை எல்லோரும் வந்து கணினியைப் போட்டதும், ஒவ்வொன்றாகத் தவறான எண்ணை வாங்கிக்கொண்டன. இணையம் இல்லை, கிளையுடன் தொடர்பும் இல்லை; பக்கத்து அறை பிரிண்டர் மட்டும் ஒழுங்காக ஓடியது. இணைய இணைப்பைக் குறை சொல்லியே இரண்டு மணி நேரம் போயிற்று.

கடைசியில் சர்வர் பதிவைப் பார்த்தால், மாற்றியவர் பெயர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’. அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர்கள் நான்கு பேர். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. செய்தவர் யாரென்று சொல்லாத பதிவை எத்தனை நாள் வைத்திருந்து என்ன பயன்?

அந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கிளையில் அவருக்கு அன்றாடம் தேவைப்படுவது இரண்டு வேலைகள்: மறந்த கடவுச்சொல்லை மாற்றித் தருவது, பூட்டிக்கொண்ட கணக்கைத் திறந்துவிடுவது. அதற்குச் சாவிக்கொத்தையே கொடுத்தது நான்.

ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் கடலூர் ஊழியர்களுக்குத் தனி ஓயூ (கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) அமைத்தோம். உரிமைகளைப் பகிர்ந்து கொடுக்கும் ‘டெலிகேஷன் ஆஃப் கன்ட்ரோல்’ வழியாக அந்த ஓயூவுக்கு மட்டும் இந்த இரண்டு உரிமைகளையும், தனி நபருக்கு அல்லாமல், ஒரு குழுவுக்குக் கொடுத்தோம். ஆள் மாறினால் குழுவில் பெயரை மாற்றினால் போதும். டிஎச்சிபி சர்வரில் நேரடியாக இப்படிப் பிரிக்க முடியாது. ‘டிஎச்சிபி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அந்த சர்வரில் உள்ள டிஎச்சிபி அமைப்புகள் அனைத்தும் அவர் கைக்குப் போய்விடும். ஆகவே கடலூர் முகவரிகளைக் கடலூர் ரவுட்டரே வழங்கட்டும் என்று பிரித்துவிட்டோம். கிளையில் சர்வர் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் சர்வர் 2008 முதல் கிடைக்கும் ஆர்ஓடிசியை (கணக்குத் தகவலைப் படிக்க மட்டும் விடும் டொமைன் கன்ட்ரோலர்) யோசிக்கலாம். டொமைன் அதிகாரம் எதுவும் தராமல் அந்த ஒரு சர்வரை மட்டும் கிளை ஆளிடம் ஒப்படைக்க முடியும். புயல் காலத்துக்கான கடவுச்சொல் இப்போது முத்திரையிட்ட உறையில் மேலாளரின் பெட்டகத்தில் இருக்கிறது. உறை திறக்கப்பட்டால் அன்றே அதை மாற்றிவிடுவோம்.

ஒப்படைத்த அன்றே சோதித்துப் பார்த்தோம். காசாளரின் பூட்டிக்கொண்ட கணக்கைத் தம்பி ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டார். பதிவில் அவருடைய பெயரே விழுந்தது. பிறகு தொலைபேசியில், “சார், புதுச்சேரி ஆள் ஒருவரின் கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன், அனுமதி இல்லை என்கிறது” என்றார்.

“அப்படித்தான் வர வேண்டும் தம்பி. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்” என்றேன்.