பேரன் வரைந்த கோடு

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்பார்கள். புதுச்சேரியில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கும் நானும், பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்களிடம் “இன்றைக்கு எத்தனையாவது கரண்ட்?” என்றுதான் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. கடலூர் முதுநகர்ப் பெரியம்மா ஒருவர் மேசையில் படுத்தார். மொத்தம் 25 நாள், நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அன்று 12ஆவது நாள். கதிர் தினமும் ஒரே இடத்தில் பாய, உடம்பில் அடையாளக் கோடுகள் போட்டிருப்போம். அவற்றின் மேல் லேசர் ஒளி கச்சிதமாக விழுந்தது. அந்தக் கச்சிதம்தான் எங்கள் டெக்னாலஜிஸ்ட் பெண்ணுக்கு உறுத்தியது. வெள்ளிக்கிழமை மங்கிக் கிடந்த கோடு திங்களன்று எப்படிப் பளிச்சென்று இருக்கும்?

“எண்ணெய் தேய்த்துக் குளித்தேன் கண்ணு, அழிந்துவிட்டது. நீங்கள் திட்டுவீர்களே என்று பேரன் ஸ்கெட்ச் பேனாவால் போட்டுவிட்டான்.”

படம் எடுத்துப் பார்த்தோம். ஒன்றரை சென்டிமீட்டர் விலகல். ஒரு நாள் படுக்கை நகர்ந்தால் 25இல் ஒரு நாள்தான் பாழ். கோடே இடம் மாறினால் மிச்சமிருந்த 14 நாளும் அதே பக்கம் தவறியிருக்கும். திருத்திவிட்டு மெஷினை ஓட்டினோம். பெரியம்மாவுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

வெளியே கூட்டம். “ஒன்றும்தான் ஆகவில்லையே, அடுத்தவரைக் கூப்பிடு” என்றது அங்கே வயதில் மூத்த குரல். (என்னுடையதுதான்.) அந்தப் பெண் கேட்கவில்லை, குறிப்பேட்டை எடுத்து நான்கு வரி எழுதினார். எத்தனையாவது நாள், என்ன கண்டோம், எவ்வளவு விலகல், என்ன செய்தோம். காரணம் என்ற இடத்தில் ‘நோயாளியின் கவனக்குறைவு’ என்று எழுதச் சொன்னார்கள், அதையும் மறுத்துவிட்டார். அப்படி எழுதினால் விசாரணை அந்த வரியோடு முடிந்துபோகும். கோடு குளித்தால் அழியும் என்று தெரிந்தும் வீட்டுக்கு அனுப்பியது நாங்கள்தானே?

மாதக் கடைசியில் புரட்டினால், அதே மாதிரி இன்னும் இரண்டு. எல்லாம் திங்கட்கிழமை. அதன்பிறகு வெள்ளி மாலையே கோட்டைப் புதுப்பிக்கிறோம். அழிந்தால் வீட்டில் தொடாதீர்கள், அப்படியே வாருங்கள், யாரும் திட்டமாட்டோம் என்று கூட வருகிறவரிடமும் சொல்கிறோம். சிலருக்கு அழியாதபடி பச்சை குத்திய புள்ளி.

கண்ணில் பட்டதை உடனே துருவாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பனாமா ஓர் உதாரணம். அங்கே 2000ஆம் ஆண்டு, கதிரைத் தடுக்கும் உலோகக் கட்டைகளின் விவரத்தைக் கணினியில் ஏற்றும் முறையை மாற்றினார்கள். கணினி மறுக்காமல் வாங்கிக்கொண்டு கதிர் பாய்ச்சும் நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டது. 28 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு. சிலருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்பதை நவம்பரிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். கணக்கில் பிழை என்று பிடிபட்டது மறு மார்ச்சில். இடையில் போன மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

விபத்து என்றால் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் வழியாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அதில் பேச்சே இல்லை. நூலிழையில் தப்பியவைதான் காற்றோடு போகின்றன. அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே சர்வதேச அணுசக்தி முகமையின் ‘சாஃப்ரான்’ பதிவேடு இருக்கிறது. அங்கே நோயாளியின் பெயர் தேவையில்லை. நம் ஊரில் முதல் தடை படிவமல்ல, ‘மெமோ வருமோ’ என்ற பயம். எழுதியவரைத் தண்டித்த துறையில் அப்புறம் குறிப்பேடு சுத்தமாகத்தான் இருக்கும்.

போன வாரம் எங்கள் குறிப்பேட்டில் என் கையெழுத்தும் ஏறியது. இரண்டு நோயாளிகளுக்கு ஒரே பெயர், ஒரே இனிஷியல். ஒருவருக்கு அது அப்பா பெயர், மற்றவருக்குக் கணவர் பெயர். ஒருவர் சிகிச்சைப் பிளானைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொருவர் ஃபைலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளி எண்ணைப் பார்த்து நிறுத்தியது அதே டெக்னாலஜிஸ்ட் பெண்தான். பேனாவையும் அவரே நீட்டினார்.