22-லிருந்து 18: கழுத்து வலி குறைந்ததா, இல்லையா?

"கழுத்து வலிக்குச் சிகிச்சை எடுக்கிறேன். முதல் நாள் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 22 வந்தது. மூன்று வாரம் கழித்து அதே தாள், இப்போது 18. எனக்குச் சந்தோஷம். பிசியோதெரபிஸ்ட்டோ 'இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது' என்கிறார். நாலு குறைந்திருக்கிறதே, அது கணக்கில் வராதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வராது. ஏன் என்பதற்கான விடை, பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தில் இருக்கிறது. அதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்துவிடலாம்.

அவரிடம் கொடுத்தது அநேகமாக என்.டி.ஐ. எனப்படும் நெக் டிஸபிலிட்டி இண்டெக்ஸாக இருக்கும். கழுத்து வலிக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் கேள்வித்தாள் அதுதான். கனடாவைச் சேர்ந்த ஹோவர்ட் வெர்னன், சில்வானோ மியோர் இருவரும் 1991-இல் வெளியிட்டது. கீழ்முதுகு வலிக்காக 1980-இல் வெளிவந்த ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளைக் கழுத்துக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார்கள். வலியின் கடுமை, குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகள், பாரம் தூக்குவது, படிப்பது, தலைவலி, கவனம், வேலை, வண்டி ஓட்டுவது, தூக்கம், பொழுதுபோக்கு என்று பத்துத் தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஆறு வாக்கியங்கள், 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 50. கூடக் கூடச் சிரமம் அதிகம் என்று பொருள்.

'படிப்பது' என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் படித்தாலும் கழுத்து வலிக்கவில்லை என்றால் 0. நினைத்த நேரம் படிக்க முடிகிறது, ஆனால் லேசாக வலிக்கிறது என்றால் 1. அதுவே நடுத்தரமான வலி என்றால் 2. வலியால் நினைத்த அளவு படிக்க முடியவில்லை என்றால் 3. இப்படியே போய், படிக்கவே முடியவில்லை என்பது 5. கவனியுங்கள், 2-க்கும் 3-க்கும் நடுவில் கேள்வியே மாறிவிடுகிறது. அதுவரை வலி எவ்வளவு என்று கேட்டது, அப்புறம் புத்தகத்தை மூட வேண்டியிருக்கிறதா என்று கேட்கிறது. வலியை நேரடியாகத் தொட முடியாது, அது எதையெல்லாம் தடுக்கிறது என்று எண்ணலாம். இதுதான் இந்தத் தாளின் சூட்சுமம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. 87.6 சதவீதம் பேருக்கு கழுத்து டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். கட்டி, தொற்று, நரம்பு நசுங்குவது போன்றவற்றைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவை. ஆனால் உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம். கழுத்து துளிகூட மாறாத ஒருவரிடம் இந்தத் தாளை இன்றும் இரண்டு நாள் கழித்தும் கொடுத்தால் அதே எண் வருமா? வராது. நேற்றுத் தூக்கம் சரியில்லை, இன்று மனசு லேசாக இருக்கிறது, இரண்டு கட்டங்களுக்கு நடுவே பேனா தயங்கியது. எது வேண்டுமானாலும் ஓரிரு மதிப்பெண்ணை அசைத்துவிடும். இந்த ஆட்டம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறையப் பேரை இரண்டு முறை நிரப்பச் சொல்வார்கள். இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தால் பழைய பதில் ஞாபகத்தில் இருக்கும், ரொம்ப அதிகமானால் கழுத்தே மாறிவிடும். இரண்டு முறையும் வந்த எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் நம்பகத்தன்மை. முழுக்க ஒத்துப்போனால் 1. என்.டி.ஐ.-க்கு முதல் ஆய்வில் கிடைத்தது 0.89. கணக்கு எளிதாக இருக்க 0.9 என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளின் மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் 8 என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். கர்ணம் 8. இந்தச் சிதறலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு: ஆளுக்கு ஆள் கழுத்து உண்மையிலேயே வேறுபடுவது ஒரு பக்கம், தாளின் ஆட்டம் மறுபக்கம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சிதறல்கள் சேரும்போது நீளங்கள் கூடுவதில்லை, வர்க்கங்கள்தான் கூடும். செங்குத்தாக நிற்கும் இரண்டு பக்கங்களைப் போலவே! கர்ணத்தின் வர்க்கம் 64. நம்பகத்தன்மை 0.9 என்றால் அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 57.6, உண்மையான வேறுபாடு. மீதி 6.4 ஆட்டம். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.5. ஒரு தடவை நிரப்பும்போது வரும் பிழையின் அளவு இது.

ஆனால் வாசகி இரண்டு தடவை நிரப்பியிருக்கிறார். முதல் எண்ணிலும் 2.5, இரண்டாவதிலும் 2.5. கழித்துப் பார்க்கும்போது பிழை 5 ஆகிவிடுமா? ஆகாது. இரண்டு பிழைகளும் கூட்டு சேர்ந்துகொண்டு எப்போதும் எதிரெதிர்த் திசையில் இழுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பாதி நேரம் ஒரே திசையில் போய்க் கழிந்துவிடும். மறுபடியும் அதே முக்கோணம், இம்முறை இரண்டு பக்கமும் 2.5. கர்ணம் ஏறக்குறைய 3.6. கழுத்து மாறாமலே இருந்தால், நூற்றுக்கு 95 தடவை வித்தியாசம் இதைப் போல 1.96 மடங்குக்குள் அடங்கும். அதாவது 7.

ஏழு! நான் எடுத்துக்கொண்ட எண்களின்படி, 22 என்பது 15-க்குக் கீழே போனால்தான் அது வெறும் ஆட்டம் இல்லை என்று தெம்பாகச் சொல்லலாம். என்.டி.ஐ. பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2009-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, சாதாரணக் கழுத்து வலிக்கு இந்த எல்லை சுமார் 5 என்றும், நரம்பு அழுந்தி கைக்குப் பரவும் வலிக்கு 10 வரை போகும் என்றும் சொல்கிறது. எப்படிப் பார்த்தாலும் 4 உள்ளேதான் இருக்கிறது. வாசகிக்குக் குணமாகவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. குணமாகியிருக்கலாம், இந்தத் தாளால் அதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. வலி ஏறி இறங்கும், அது உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் வைத்தியம் தேடி ஓடுவார். உச்சத்துக்கு அப்புறம் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் இறக்கம்தான். அந்த நேரத்தில் கழுத்தில் காந்தப் பட்டை போட்டிருந்தால் காந்தம் ஜெயித்துவிடும், மந்திரித்திருந்தால் மந்திரம். "எனக்குக் கேட்டது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சிகிச்சை பெறாத ஒரு குழுவும் அதே தாளை நிரப்பாத வரை அந்த வாக்குமூலத்துக்கு எடை கிடையாது. டிகிரி மாட்டிய கிளினிக்குகளுக்கும் இதே விதிதான்.

மேலே சொன்ன 0.89 எத்தனை பேரிடமிருந்து வந்தது தெரியுமா? வாகன மோதலில் கழுத்து முன்னும் பின்னும் வெடுக்கென்று ஆடி அடிபட்ட 17 பேர். பின்னால் பெரிய ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன என்பது உண்மை. ஆனாலும் கோடிக்கணக்கில் ஸ்கேன் கருவி வாங்கப் பணம் கிடைக்கும் அளவுக்கு, ஒரு தாள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கப் பணம் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். சிகிச்சை வேலை செய்கிறதா என்ற தீர்ப்பைக் கடைசியில் எழுதுவது இந்தத் தாள்தான்.

தாளிலும் குறை இல்லாமல் இல்லை. 2009-இல் வந்த வேறொரு ஆய்வு, தலைவலியும் பாரம் தூக்குவதும் மற்ற எட்டுத் தலைப்புகளோடு ஒரே கோட்டில் நிற்கவில்லை என்று காட்டியது. தலைவலிக்குக் கழுத்து மட்டுமா காரணம்?

இதைவிட வண்டி ஓட்டும் கேள்விதான் நடைமுறையில் குழப்புகிறது. வண்டியே ஓட்டாதவர் அதைக் காலியாக விட வேண்டும். மற்ற ஒன்பதில் அவருக்கு 20 வந்தால், 45-க்கு 20, அதாவது 44 சதவீதம். "பிரச்சினை இல்லை" என்று 0 போட்டால் 40 சதவீதம் ஆகிவிடும். "ஓட்டவே முடியாது" என்று 5 போட்டால் 50 சதவீதம். ஒரே கழுத்து, ஒரே நாள், மூன்று விடைகள்! முதல் தடவை காலியாக விட்டிருந்தால் அடுத்த தடவையும் காலியாகவே விடுங்கள், விட்டதைப் பிசியோதெரபிஸ்ட்டிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் 50-க்கே கணக்குப் போட்டுவிடுவார்.