பூச்சிமருந்து டப்பாவின் முக்கோண நிறம் எப்படி முடிவாகிறது?

குறுவையில் இலைச்சுருட்டுப்புழு விழுந்துவிட்டால், மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடையில் முதலில் எழும் கேள்வி "எது நல்லாக் கேக்கும்?" என்பதுதான். டப்பாவில் இருக்கும் நிற முக்கோணத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களிலும் பலர், சிவப்பு என்றால் விஷம், பச்சை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி ஆபத்தானது.

நிறத்துக்கு அடிப்படை எல்.டி.50 என்ற எண். ஒரு பொருளை ஒரே தடவை கொடுத்தால் சோதனை எலிகளில் பாதி எந்த அளவில் இறக்கும் என்பதை, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வது அது. எண் சிறுத்தால் விஷம் கடுமை. இந்தியாவின் 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, வாய்வழி அளவு 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோல்வழி நஞ்சுக்குத் தனி வரம்புகள் உண்டு. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் வாய்வழி எண் சுமார் 14, அதாவது சிவப்பு.

ஏன் பாதி? ஒரு எலி சிறு அளவிலேயே சாகும், இன்னொன்று பல மடங்கைத் தாங்கும். இந்த இரண்டு கோடிகளையும் வைத்து அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும். நடுப்பகுதிதான் நிலையானது. நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளின் வீரியத்தை அளக்க டிரெவன் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் 1927இல் இந்த முறையைக் கொண்டுவந்தார்.

பழைய முறையில் எலிகள் நிறைய செத்தன. 2002இல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு, அந்த முறைக்கான தன் சோதனை வழிகாட்டியை நீக்கிவிட்டது, நல்ல முடிவு. இப்போதுள்ள முறைகளில் ஒன்று இப்படி: கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்ற நான்கு அளவுகளில் ஒன்றை மூன்று எலிகளுக்குக் கொடுப்பார்கள். இரண்டோ மூன்றோ இறந்தால் கீழ்ப்படிக்கு இறங்குவார்கள். ஒன்று மட்டும் இறந்தாலோ எதுவுமே இறக்காவிட்டாலோ, அதே அளவில் இன்னும் மூன்று எலிகள். அப்புறம்தான் மேல்படி. 14 நாள் கவனிப்பு. துல்லியமான எண் கிடைக்காது, ஆனால் எந்த வகுப்பு என்பது தெரிந்துவிடும். லேபிளுக்கு அது போதும்.

ஆனால் இவை எல்லாமே ஒரே தடவை கொடுத்து, எலி சாகிறதா என்று பார்ப்பவை. நெல் விதைநேர்த்திக்கு நாம் கையாளும் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியின் எண் 10,000க்கும் மேல், பச்சை வரம்பு. அதே பொருளை, கருவுக்கும் இனப்பெருக்கத்திறனுக்கும் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் எண் சுமார் 250. மீனுக்கோ லிட்டர் தண்ணீரில் ஒருசில மைக்ரோகிராமே எமன். வயல் வடிநீர் வாய்க்காலில் போய்ச் சேரும் நம் ஊரில் இதை முக்கோணம் சொல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் எண் சுமார் 135, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் எண் சுமார் 150. இரண்டும் மஞ்சள் வரம்புதான். முதலாவதற்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. பாராகுவாட்டுக்கு மாற்றுமருந்தே கிடையாது; தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும். மருந்தடிக்கும்போது யாராவது மயங்கி விழுந்தால் "மஞ்சள் டப்பா" என்று சொல்வது மருத்துவருக்கு உதவாது. காலி டப்பாவானாலும் சரி, லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள்.