பனிக்கட்டியில் பதிந்த மழைக் கணக்கு

"எல் நினோ வந்தால் மழை குறையும் என்கிறார்கள். மழைமானியே இல்லாத காலத்து மழையை யார் அளந்து வைத்தது?" என்று பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பனிமலைகள்தான், ஆண்டுக்காண்டு விழும் பனியை அடுக்கடுக்காகச் சேர்த்து, அளந்து வைத்திருக்கின்றன.

படிவம் நான்கு வேதியியலில் ஐசோடோப்பு படித்திருப்பீர்கள்; சுருக்கமாகச் சொன்னால், ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். ஏறத்தாழ 500 நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்றில் கனமான ஆக்சிஜன்-18 இருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் ஆக்சிஜன்-16. கனமான நீர் ஆவியாகத் தயங்கும். மழையாக இறங்கவோ முந்திக்கொள்ளும்.

எனக்குப் பிடித்ததே இந்த முந்தல்தான். 25 டிகிரியில் உருவாகும் துளியில், சுற்றியுள்ள ஆவியைவிட ஆக்சிஜன்-18 ஆயிரத்துக்கு 9 பங்கு கூடுதல். சின்ன வித்தியாசம்தான், ஆனால் துளிக்குத் துளி சேர்ந்துகொண்டே போகும். பாதி ஈரம் கொட்டி முடிவதற்குள் மிச்ச ஆவியில் அது ஆயிரத்துக்கு 6 பங்கு குறைந்துவிடும். முதல் பந்தியிலேயே வடை தீர்ந்துபோன கல்யாணம் மாதிரி, பிந்திப் பெய்யும் மழைக்குக் கனம் கிடைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. தூறல் துளி காய்ந்த காற்றில் விழும்போது அதன் இலேசான மூலக்கூறுகள் பறந்துவிட, கனமானவை தங்கிவிடும். அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அப்படிப் பறப்பது குறைவு. ஆகவே வெப்பமண்டலத்தில் பெருமழை நீர் இலேசு, அரைகுறை மழை நீர் கனம். டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் 1964-இல் இந்தத் தொடர்பை விளக்கினார். துருவப் பனியில் இதே விகிதம் வெப்பமானி. வருடம் முழுக்க ஒரே சூட்டில் வேகும் நம் பக்கத்தில் மழைமானி.

நம் வட்டாரத்துப் பனி இந்தோனேசியப் பாப்புவாவின் புன்சாக் ஜெயா சிகரத்தின் அருகே இருக்கிறது. 2010-இல் அமெரிக்கப் பனியாற்று ஆய்வாளர் லானி தாம்சனின் குழு, இந்தோனேசிய வானிலைத் துறையினரோடு சேர்ந்து, அங்கே பாறை தட்டும்வரை 32 மீட்டர் துளைத்தது. எல் நினோவின்போது மழைமேகங்கள் பசிபிக் நடுவுக்கு நகர்ந்துவிடும்; பாப்புவாவில் விழுவது கனமான நீர். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீரைப் பங்கீடு செய்ய வைத்ததும் ஓர் எல் நினோதான். அந்தப் பனியாறு உருகி வருகிறது. உருகிய நீர் கீழே இறங்கினால் பழைய அடுக்குகளும் கலங்கும். பனியைத் துளைத்தெடுக்கப் பணம் கேட்டால், நிதிக் குழு அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட இது கோப்பு அல்ல. 'கன நீர் நீக்கியது' என்று போத்தல் தண்ணீரை மருந்து விலைக்கு வாங்கும் நாம், இதற்கென்றால் கணக்குப் பார்க்கிறோம்.

இமயமலைப் பனியில் வாசிப்பு இத்தனை சுலபமில்லை. 1997-இல் 7,200 மீட்டர் உயரத்தில், தசுவோபு பனியாற்றில் எடுத்த பனியில் தாம்சன் வெப்பநிலையைப் படிக்கிறார். பருவமழையின் வலுவைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கு விழும் பனியில் பெரும்பங்கு பருவமழை கொண்டுவருவது என்பதால், நான் இரண்டாம் கட்சி.