மன்னார்க் கடலடியில் ஏன் நேரோட்டம்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு கொழும்பை மட்டுமல்ல, முழு இலங்கையையும் இருளாக்கியது. ஞாயிறு பகலில் மின்தேவை குறைவு, கூரைச் சூரியத் தகடுகளின் பங்கு அதிகம். அதனால் சுழன்றுகொண்டிருக்கும் பாரமான மின்பிறப்பாக்கிகள் குறைவு. அவை தரும் சடத்துவமும், அதாவது வேகம் சட்டென மாறாமல் தாங்கும் இயல்பும், குறைவு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,500 எம்விஏ (மெகாவோல்ற்று-அம்பியர்) அளவு இயந்திரங்கள் சுழல்கின்றன, அவற்றின் சடத்துவ மாறிலி (சுழற்சியில் சேர்ந்துள்ள சக்தியால் முழு வலுவை எத்தனை செக்கன் தரலாம் என்ற அளவு) 4 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். 300 மெகாவோட் திடீரென அறுந்தால், 50 ஹேர்ட்ஸ் மீடிறன் (மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) தொடக்கத்தில் செக்கனுக்கு 1.25 ஹேர்ட்ஸ் வேகத்தில் விழும். சுழலும் இயந்திரங்கள் பாதியானால் அந்த வேகம் 2.5. நீர்மின் நிலையத்தின் வாயில் திறந்து வலு ஏறவோ பல செக்கன்கள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் அயல்நாட்டு மின்சாரம் உதவ முடியும். இந்தியாவுடன் உயர்வோல்ற்று நேரோட்ட (ஒரே திசையில் பாயும் மின்னோட்டம், டிசி) இணைப்பு அமைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் கைச்சாத்தானது. கடலடி வடத்தில் (கேபிளில்) ஆடலோட்டம் (திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம், ஏசி) வீணாகும் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். 220 கிலோவோல்ற்று வடத்தின் கொள்ளளவத்தை (அது மின்னேற்றத்தைத் தேக்கும் திறனை) நிரப்ப ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 7 அம்பியர், மொத்தம் 200 அளவில் போகும். அது சமாளிக்கக்கூடியதே.

உண்மையான சிக்கல் ஒத்தியக்கம், அதாவது இணைந்த இயந்திரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல வேண்டியிருப்பது. 2013 இறுதியிலிருந்து இந்தியா முழுவதும் ஒரே மீடிறனில் இயங்குகிறது. 2024 மேயில் அதன் உச்சத்தேவை 250 ஜிகாவோட்டைத் தொட்டது. நம்முடையது சுமார் 3. இரண்டையும் ஆடலோட்டத்தால் கட்டினால், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவோட் அலகு ஒன்று நின்ற கணத்திலேயே அந்தப் பள்ளம் முழுவதையும் இணைப்பு நிரப்பப் பார்க்கும். ஏற்கெனவே 500 சுமந்த வடத்தில் 800 பாயும். பாதுகாப்புக் கருவி அதைத் துண்டிக்கும். இரண்டையும் சேர்த்து இழப்போம். ஆடலோட்டத்தை நேரோட்டமாகவும் திரும்பவும் மாற்றும் நேரோட்ட மாற்றி அப்படி இழுபடாது. சொன்ன அளவையே அனுப்பும். கொஞ்சம் கொள்திறனை ஒதுக்கி வைத்தால், மீடிறன் விழும்போது ஒரு செக்கனுக்குள் கூடுதலாகவும் தரும்.

மாற்றியின் வகையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தைரிஸ்டர் (தானே அணைய முடியாத குறைகடத்தி ஆளி) மாற்றி தன்னை அணைத்துக்கொள்ள நம் பக்க வோல்ற்றளவை நம்பியிருக்கிறது. மின்னல் தாக்கி வோல்ற்றளவு சரிந்தால் மாற்றம் பிசகி, வரும் வலு கணப்பொழுதில் பூச்சியமாகும். அனுராதபுரத்துக்கு வடக்கே, பெரிய மின்நிலையங்களுக்கு எட்டத்தில், இது வெறும் ஏட்டுப் பயமல்ல. ஐஜிபிடி (விரும்பியபோது அணைக்கக்கூடிய குறைகடத்தி ஆளி) மாற்றிக்கு விலை அதிகம். ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 1 சதவீதம் இழப்பும் உண்டு. ஆனால் அது தன் வோல்ற்றளவைத் தானே உருவாக்கும். நாடு முழுவதும் இருண்டுவிட்டாலும் அதிலிருந்து மீளத் தொடங்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றது இயங்கும் இரு துருவ (இரு சுற்று) அமைப்பும், அப்போது மின்னோட்டம் கடல்நீரை நாடாமல் திரும்பிவர உலோகக் கடத்தியும் அவசியம். ஒரு துருவம் 300 மெகாவோட்டைத் தாண்டக் கூடாது என்பது எம் கருத்து. அதற்குமேல் போனால், இன்றுள்ள எந்த இயந்திரத்தையும் விடப் பெரிய ஆபத்தை நாமே வாங்கிக்கொள்கிறோம்.

வடத்தைக் கெடுப்பவை நங்கூரமும் இழுவைமடியும். ஆகவே மணலுக்குள் புதைக்க வேண்டும். இராமர் அணைப் பக்கத்தில் கடல் ஆழமற்றது, மணல்திட்டு இடம் மாறும். இன்று புதைத்தது நாளை வெளியே தெரியலாம். வடம் இடும் பெரிய கப்பல் அங்கே நெருங்காது, தட்டைப் படகுதான் போகும்.

தெற்காசியாவில் இது புதிதல்ல. இந்தியாவின் பஹரம்பூருக்கும் வங்காளதேசத்தின் பேராமாராவுக்கும் இடையிலான இணைப்பில் வங்காளதேசம் 2013இல் 500, 2018இலிருந்து 1,000 மெகாவோட் வரை பெற முடிகிறது. அங்கே நீண்ட நேரோட்டக் கம்பியே இல்லை. இரு மாற்றிகளும் ஒரே வளவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நேபாளத்தின் 40 மெகாவோட்டும் இந்தியா வழியாக வங்காளதேசம் போகிறது, ஆறுகள் பெருகும் யூன் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை மட்டும்.

அந்தப் பருவ வேறுபாடு நமக்கு அவ்வளவு வாய்க்கவில்லை. மன்னாரிலும் தமிழ்நாட்டிலும் காற்றைக் கிளப்புவது ஒரே தென்மேல் பருவக்காற்று. இரு நாடுகளுக்கும் நேரமும் ஒன்று, சூரியன் மறைவதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே. நமக்கு மிகுதியை விற்கும் வாய்ப்பு வட இந்தியாவின் கோடை நண்பகலில் இருக்கிறது: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தச் சொல்லி மின்சார சபை கேட்ட அதே நாட்களில், அங்கே குளிரூட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இந்தியச் சந்தை ஒரு நாளை 96 கால்மணித் துண்டுகளாக்கி விற்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் வெள்ளவத்தைக் கூரைகளில் எவ்வளவு வெயில் விழும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குக் கூரைத் தொகுதிகளின் அளவீடு கட்டுப்பாட்டு அறைக்கு உடனுக்குடன் வர வேண்டும். வடம் இறக்குமுன் செய்யவேண்டிய வேலை அது.