பியானோவின் வெடிப்பு மழையில் தொடங்குகிறது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் எங்கள் வீட்டுப் பின்கதவு நிலையோடு இறுகிவிடும். அதே வாரத்தில் கூடத்துப் பியானோவிலும் நடுப்பகுதி வெள்ளைக் கட்டை ஒன்று, அழுத்தினால் அழுத்தியபடியே கிடக்கும். மெல்ல, மனமில்லாமல் எழும். கட்டையின் அடியில் ஓர் உலோக முளை உண்டு. அது நுழையும் குழியின் இரு பக்கமும் கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். ஈரத்தில் மரமும் கம்பளியும் உப்பியதும் முளை இறுக்கிப் பிடிக்கப்படுகிறது.

இதைச் சரிசெய்வது எளிது. நான் கவலைப்படுவது உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதைப் பற்றி.

பியானோவின் உயிர் ஒலிப்பலகை. ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தால் ஆன, ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத பலகை அது. 200-க்கும் மேற்பட்ட கம்பிகள், மொத்தமாக 18 முதல் 20 டன் விசையோடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். கம்பிகளின் அதிர்வை வாங்கி அறை முழுவதும் கேட்கச் செய்வது இந்தப் பலகை. அது தட்டையாக இராமல், கம்பிகளை நோக்கி இலேசாக மேலே வளைந்திருக்கும்.

ஈரக்காற்றில் பலகை விரிகிறது, வளைவு கூடுகிறது, கம்பிகள் மேலே தள்ளப்பட்டு இன்னும் விறைக்கின்றன. சுருதி ஏறுகிறது. மிருதங்கத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஈரம் பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பியானோவில் இன்னொரு தொல்லையும் உண்டு. நடுப்பகுதிக் கம்பிகள் அதிகம் ஏறும், மற்றவை குறைவாகவே ஏறும். அதனால் பியானோ தன் சுரங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாமல் ஆகிவிடுகிறது.

மரம் நீளவாக்கில் அநேகமாக விரிவதே இல்லை. இழைக்குக் குறுக்கேதான் விரியும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்திலிருந்து 75 சதவீதத்துக்கு ஏறினால், ஒரு மீட்டர் அகலப் பலகை, கட்டுப்பாடின்றி விட்டால், ஏழெட்டு மில்லிமீட்டர் அகலமாகும். ஆனால் அதன் முதுகில், இழைக்குக் குறுக்கே, மரச்சட்டங்கள் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றின் இழை நீளவாக்கில் ஓடுவதால் சட்டங்களின் நீளம் மாறாது. விரிய வழியில்லாத பலகை தனக்குள்ளேயே நெரிபடுகிறது. அதன் மெல்லிய செல்சுவர்கள் நசுங்குகின்றன. நசுங்கியவை மீண்டும் நிமிர்வதில்லை.

பிறகு மழை ஓய்கிறது. குளிர்சாதனம் இராப்பகலாக ஓடி அறையை உலர்த்துகிறது. நசுங்கிப்போன பலகை இப்போது பழைய அகலத்தைவிடவும் சுருங்க முயல்கிறது. சட்டங்களோ விடுவதில்லை. இழையோடு பிளவு விழுகிறது. வெடிப்பைப் பார்த்ததும் எல்லோரும் வறட்சியைத் திட்டுகிறார்கள். அதற்கு வழிவகுத்தது பல மாதங்களுக்கு முந்தைய ஈரம். வீணையில் பிரடை செய்யும் வேலையைப் பியானோவில் எஃகு முறுக்காணிகள் செய்கின்றன. உலர்ந்து சுருங்கும் காலத்தில், அவை பதிந்திருக்கும் மரக்கட்டையும் பிடி தளர்ந்துபோகும். அப்புறம் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது.

ஆகவே பியானோவுக்கு எதிரி ஈரத்தின் ஏற்ற இறக்கமே. குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் 45 சதவீதத்தைக் கடலோர வீட்டில் பிடித்துவைக்கப் படாதபாடு பட வேண்டும். ஆண்டு முழுவதும் 55, 60 என்று ஒரே நிலையில் இருப்பது, பகலில் குளிர்சாதனத்தால் 45, இரவில் ஜன்னல் திறந்ததும் 80 என்று அல்லாடுவதைவிட எவ்வளவோ மேல். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. அதை வாங்கிப் பியானோவின் அருகில் வைத்து, ஒரு மாதம் காலையும் இரவும் குறித்து வாருங்கள். பியானோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். குளிர்சாதனக் காற்று நேராகப் படவே கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நம்பாதீர்கள். காற்று தாராளமாக வந்து போகும் இவ்வளவு பெரிய பெட்டிக்கு அவை எம்மாத்திரம்!

நான் மனமாரச் சொல்வது, பியானோவுக்குள் பொருத்தும் குறைந்த மின்திறன் வெப்பத்தண்டை. அது ஈரத்தை வெளியேற்றுவதில்லை. காற்றை நாலைந்து டிகிரி சூடாக்குகிறது, அவ்வளவுதான். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவி கொள்ளும். அதில் 24 கிராம் இருந்தால் ஈரப்பதம் 80 சதவீதம். அதே காற்று 34 டிகிரிக்கு வந்தால் 37 கிராம் கொள்ளும். உள்ளே இருக்கும் 24 கிராம் இப்போது 65 சதவீதம்தான். மரம் எவ்வளவு ஈரம் வாங்கும் என்பதை முடிவுசெய்வது இந்தச் சதவீதமே. ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோடு சேர்த்துப் பொருத்தினால், தேவைப்படும்போது மட்டும் தண்டு சூடாகும்.

தண்டு வைத்த கையோடு சுருதி சேர்க்க ஆளைக் கூப்பிட வேண்டாம். வார்னிஷ் பூசிய பலகை புதிய நிலைக்கு வரச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் மழை முடிந்து, பொங்கலும் கழிந்து, ஈரப்பதமானியின் எண் இரண்டு வாரம் அசையாமல் நின்ற பிறகே அவரை வரச் சொல்கிறோம்.